‘ஷார்ட்’ பேஸ்ட்ரியில் எது குட்டை?

கேள்வி: ஜனவரி 6, மாலை

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்த சமையல் குறிப்பு ஒன்றில் “பேஸ்ட்ரி மாவு குட்டையாக இருக்க வேண்டும்” என்று இருந்தது. சிரித்துவிட்டு மூலத்தைத் தேடிப் பார்த்தேன். அங்கே இருப்பது ‘ஷார்ட்’. சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ஷார்ட் என்றால் கிரிஸ்ப், அதாவது மொறுமொறுப்பு என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜனவரி 6, இரவு

மறுக்கிறேன். உருளைக்கிழங்கு சிப்ஸ் கிரிஸ்ப். அதை ஒரு பேக்கரிக்காரரும் ஷார்ட் என்று சொல்லமாட்டார். பழத்தை மாவு ஓட்டுக்குள் வைத்துச் சுடும் ‘பை’ (pie) பண்டத்தின் அடிப்பாகம் சாறு ஊறி மொறுமொறுப்பெல்லாம் போன பிறகும், கரண்டி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் அது ஷார்ட். மொறுமொறுப்புக்குக் காய்ந்திருக்க வேண்டும், முடிந்தால் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். ஷார்ட்டாக இருக்க இரண்டும் கட்டாயமில்லை.

பேக்கரி மூலப்பொருள்களின் விவரத்தாள்களைத் தமிழாக்குவது என் பிழைப்பு. இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டாத வாரம் குறைவு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 7

காரணம் கேட்டீர்கள். கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் விட்டுப் பிசையப் பிசைய இரண்டும் சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. இழுத்தால் நீண்டு கொடுப்பது கிளையாடினின் குணம், விட்டால் பழைய இடத்துக்கே திரும்புவது குளூட்டெனினின் குணம். ரொட்டிக்கு இந்த வலை வேண்டும். பிஸ்கட்டுக்கும் பைக்கும் அதுதான் வில்லன்.

கொழுப்பு அந்த வலையைக் கட்டவிடுவதில்லை. மாவுத் துகள்மீது கொழுப்பு பூசிக்கொண்டால் தண்ணீர் எளிதில் உள்ளே போகாது, புரதங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள முடியாது. சுட்ட பிறகு கடித்தால் எதிர்த்து நிற்க ஆளில்லை, சின்ன அழுத்தத்திலேயே உடைந்து துகளாகிவிடும். அந்த நிலைக்குத்தான் ஷார்ட் என்று பெயர்.

சமையல் குறிப்பின் வரிசையும் இதனால்தான். முதலில் வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்துத் தேய்க்கச் சொல்வார்கள், தண்ணீர் கடைசியில். வரிசையை மாற்றித் தண்ணீரை முதலில் விட்டால், அதே அளவு வெண்ணெய் போட்டும் வேலைக்காகாது. வலை ஏற்கெனவே கட்டிவிட்டிருக்கும்.

மாவின் பங்கும் உண்டு. பேஸ்ட்ரிக்கென்று விற்கும் மென்கோதுமை மாவில் புரதம் ஏறக்குறைய 7 முதல் 9 சதவீதம், ரொட்டி மாவில் 12, 13 சதவீதம். ரொட்டி மாவை வைத்துக்கொண்டு ஷார்ட் வரவில்லை என்று புலம்பும் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் டப்பாவில் ஷார்ட்டனிங் என்று விற்கிறார்களே?” என்று ஒருவர். அதேதான். ஷார்ட் ஆக்குவது ஷார்ட்டனிங். மாவைக் குட்டையாக்கும் பொருள் என்று ஒரு பொட்டல உறையில் பார்த்திருக்கிறேன், அதைப் போட்டால் பிஸ்கட் சுருங்கிவிடுமோ என்று பயம் வரும்.

முதலில் இது ஒரு பொருளின் பெயரே அல்ல, செய்யும் வேலையின் பெயர். வெண்ணெயும் ஷார்ட்டனிங், பன்றிக்கொழுப்பும் ஷார்ட்டனிங். திரவ எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றிக் கெட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். 1911இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பருத்திவிதை எண்ணெயை அப்படிக் கெட்டியாக்கி ‘கிரிஸ்கோ’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஷார்ட்டனிங் என்றாலே அந்த வெள்ளைக் கொழுப்பு என்று ஆகிவிட்டது. பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெய்களில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு பின்னால் பெரிய தலைவலியானது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் அவற்றைப் பாதுகாப்பான பொருள்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது வரும் டப்பாக்களில் வேறு கூட்டு. பெயர் மட்டும் அப்படியே.

ஜனவரி 9

வெண்ணெயா, உருக்கிய சுத்தக் கொழுப்பா, எண்ணெயா என்ற கேள்விக்கு.

வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், தண்ணீர் சுமார் 16 சதவீதம். அந்தத் தண்ணீரே கொஞ்சம் வலை கட்டும். தண்ணீரை முழுக்க நீக்கிய கொழுப்பைப் போட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும், மேலும் ஷார்ட் ஆகும். எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை நெய்யை மட்டும் வைத்துச் செய்து பார்த்தேன். மாவைக் கையில் பிடித்தால் பிடிபட்டது, கட்டைவிரலால் லேசாக நெம்பினால் சட்டென்று இரண்டாகப் பிளந்தது. இழுபடவே இல்லை. சரி, நல்ல அறிகுறி என்று சுட்டேன். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டில் தட்டைக்கரண்டியை அடியில் நுழைத்ததும் விளிம்பு பொடியாகச் சரிந்தது. தட்டோடு அப்படியே விட்டுவிட்டு ஆறியபின் எடுத்தால் முழுசாக வந்தது. உள்ளே உருகியிருந்த கொழுப்பு மறுபடி இறுகித் துகள்களைப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். அந்த பிஸ்கட்டில் பசை என்று இருந்ததே அது ஒன்றுதான்.

எண்ணெய் போட்டால் ஆறினாலும் இறுகாது. மாவுத் துகளை நன்றாகவே பூசும், அதனால் ஷார்ட்டாக வரும், ஆனால் வாயில் மாவாகக் கரையும், கையில் பிசுபிசுக்கும். ‘மீலி’ என்று ஆங்கிலத்தில் முகம் சுளித்துச் சொல்வது பாதி இதைத்தான்.

வெண்ணெய்க்கு இன்னொரு சலுகை: 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், வாய்ச்சூடு அதற்கு மேலே. கடித்ததும் உதிர்ந்து, உதிர்ந்ததும் கரைகிறது. உருகுநிலை அதிகமான கொழுப்பு அப்படிக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். விவரத்தாள் இரண்டையும் ஷார்ட் என்றுதான் எழுதும். நாக்கு ஒத்துக்கொள்ளாது.

ஜனவரி 10

கேள்வி கேட்டவர் விடவில்லை: “உடையும்போது சத்தம் வருகிறதே, பிறகென்ன மொறுமொறுப்பு இல்லை என்கிறீர்கள்?”

சத்தத்தை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. கிரிஸ்ப் என்பதில் பாதி காதின் வேலை. மாசிமிலியானோ ஸாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை மைக்கின் முன்னால் சிப்ஸ் கடிக்கவைத்து, அந்தச் சத்தத்தையே காதொலிப்பானில் அவர்களுக்குத் திருப்பிக் கேட்கவைத்தார்கள். சத்தத்தைக் கூட்டினாலோ, அதிலுள்ள உயர் அதிர்வெண் பகுதியை மட்டும் தூக்கிவிட்டாலோ, சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாக, புதுசாக இருப்பதாகச் சொன்னார்கள். குறைத்தால் நமத்துப்போனதாகச் சொன்னார்கள். சிப்ஸ் ஒரே மாதிரிதான். 2008இல் இதற்கு இக் நோபல் பரிசு. சிரிக்கவைத்துவிட்டுச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது அது.

ஷார்ட்டுக்கு இந்த வித்தை பலிக்காது என்பது என் கணிப்பு. கூட்டிக் காட்ட அங்கே அவ்வளவு சத்தம் கிடையாது.

ஜனவரி 11

கிரிஸ்பையும் ஷார்ட்டையும் நான் எதிரிகளாக்கிவிட்டேன் என்று குறைப்பட்டுக்கொண்டவருக்கு: இல்லை, ஒரே பிஸ்கட்டில் இரண்டும் குடியிருக்கலாம். நன்றாகச் சிவந்த விளிம்பைக் கடித்தால் முதல் கணம் கிரிஸ்ப், அடுத்த கணம் ஷார்ட். முன்னது பல் இறங்கும்போது தெரிவது, பின்னது மெல்ல ஆரம்பித்த பிறகு தெரிவது.

இரண்டும் கெடும் விதமும் வேறு. திறந்த டப்பாவில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டால் முதலில் போவது கிரிஸ்ப். கொழுப்பால் வந்த உதிரும் குணம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

ஜனவரி 14

இதைத்தான் முதலிலேயே எழுத நினைத்தேன், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

ஷார்ட்டுக்கு எதிர்ச்சொல் என்ன? டஃப் (கடிக்கக் கடினமானது), ச்சூயி (மென்றுகொண்டே இருக்க வேண்டியது) என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். பேஸ்ட்ரிக்கு அது பொருந்தும். ஆனால் உணவுத் தொழிலில் இதற்கு நேர் எதிராக ‘லாங்’ என்றே ஒரு சொல் புழங்குகிறது. சோளமாவு போட்டுக் காய்ச்சிய கூழைக் கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கட்டியாக, அறுந்து அறுந்து விழும். அது ஷார்ட் டெக்ஸ்சர். மரவள்ளி மாவிலோ உருளைக்கிழங்கு மாவிலோ காய்ச்சினால் கரண்டியோடு இழைந்து நூல் விட்டுக்கொண்டே வரும். அது லாங். அந்த நூல் பிடிக்காத தொழிற்சாலைகளுக்காக மாச்சத்தின் மூலக்கூறுகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு அதே மரவள்ளி மாவு ஷார்ட் ஆகிவிடும்.

பாலாடைக்கட்டியிலும் இதே பேச்சு. மோசரெல்லா சூட்டில் கயிறாக நீள்வது லாங். பிடித்ததும் உதிரும் செஷையர் ஷார்ட். அங்கே குளூட்டன் கிடையாது, பால் புரதமான கேசினைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம். புளிப்பு ஏற ஏறக் கால்சியம் கரைந்து வெளியேறுகிறது. ஓரளவு வெளியேறினால்தான் நீளும், பிஹெச் (புளிப்பின் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 5.2 அளவில் மோசரெல்லா இழுபடுவது அதனால். அதற்கும் கீழே நன்றாக இறங்கிவிட்டால் பிணைப்பு விட்டுப்போய் உதிர ஆரம்பிக்கும்.

மிட்டாய்க்காரர்களும் சொல்வார்கள். இழுத்தால் நீளும் நூகா என்ற மிட்டாய் லாங். அதிலேயே பொடிச் சர்க்கரைப் படிகங்களைக் கலந்துவிட்டால் பல்லில் ஒட்டாமல் அறுபடும், ஷார்ட்.

அச்சகத்தில் காலம் கழித்த என் சித்தப்பா சொல்லித்தான் சாப்பாட்டுக்கு வெளியேயும் இது உண்டு என்று தெரிந்தது. மையைக் கரண்டிக்கத்தியால் எடுத்து உயர்த்துவார்கள். மெல்லிய நூலாக நீண்டுகொண்டே வந்தால் லாங் மை. வெண்ணெய் மாதிரி பொட்டென்று அறுந்தால் ஷார்ட் மை. கத்தியை உயர்த்திக் காட்டி, “இதுல என்ன எழவு இங்கிலீஷ், அளந்து பாரு, தெரியும்” என்றார்.

அளந்து பார்த்தால் தெரிகிறது. இழுத்தால் எவ்வளவு தூரம் அறாமல் வரும்? அதிக தூரம் வந்தால் லாங். உடனே அறுந்தால் ஷார்ட். பேச்சு நீளத்தைப் பற்றியதுதான், மாவின் நீளம் அல்ல, அறுபடும் வரை நீளும் நீளம். அந்தக் கணக்கில் ‘குட்டை’ என்று எழுதிய மொழிபெயர்ப்பாளர் ‘மொறுமொறுப்பு’ என்று எழுதியிருக்கக் கூடியவரைவிட விஷயத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறார். தெரிந்து நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

ஜனவரி 14, பின்குறிப்பு

குயவர் களிமண்ணும். விரலில் சுற்றினால் வளைவது நல்ல மண், வெடித்து அறுந்தால் ஷார்ட் மண்.

ஜனவரி 16

“இரும்பிலும் ரெட் ஷார்ட், கோல்ட் ஷார்ட் உண்டு, அதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று உலோகத்துறை நண்பர். பட்டியல் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஷார்ட்டின் வம்சம் வேறு. ரெட் ஷார்ட் ஸ்வீடிஷ் மொழியின் ‘ரோட்ஷோர்’ என்பதிலிருந்து வந்தது. ‘ஷோர்’ என்றால் அங்கே எளிதில் நொறுங்குவது. ஆங்கிலக் கொல்லர்களின் வாயில் அது தெரிந்த சொல்லாக உருமாறிவிட்டது.

விஷயம் மட்டும் சுவையானது. இரும்பில் கந்தகம் இருந்தால் இரும்பு சல்பைடு படிகங்களின் இடுக்கில் படலமாகப் படியும். 990 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே அது உருகிவிடுவதால், சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்தால் விண்டுபோகும். மாங்கனீசு சேர்த்தால் கந்தகத்தை அது பிடித்துக்கொள்ளும். கோல்ட் ஷார்ட்டுக்குக் காரணம் பாஸ்பரஸ், அது குளிர்ந்த நிலையில் உடையவைப்பது. துகளுக்கும் துகளுக்கும் நடுவில் ஒன்று புகுந்து பிணைப்பைக் கெடுப்பது பிஸ்கட்டிலும் நடக்கிறது. ஆனால் இதை வைத்துச் சொல்லுக்குச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

ஜனவரி 19

அளக்கும் கருவி உண்டா என்ற கேள்விக்கு: உண்டு, பெயரே ஷார்ட்டோமீட்டர். 1930களில் பெய்லி என்பவர் வடிவமைத்தது பிரபலம். இரண்டு கம்பிகளின் மேல் பிஸ்கட்டைப் படுக்கவைத்து, நடுவில் மேலிருந்து ஒரு கம்பியை இறக்கி, எவ்வளவு சுமையில் உடைகிறது என்று பார்ப்பது. சுமை குறையக் குறைய பிஸ்கட் ஷார்ட். உணவின் பக்குவத்தை அளக்கும் இன்றைய டெக்ஸ்சர் அனலைசர் கருவியிலும் பிஸ்கட்டுக்கு இதே மூன்று புள்ளிச் சோதனை ஒன்று இருக்கிறது.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். உடைக்கத் தேவையான சுமையை மட்டும் அது சொல்கிறது. உடைந்த பிறகு துகளாகிறதா, சில்லாகத் தெறிக்கிறதா என்று சொல்வதில்லை. மெல்லிய வேஃபரும் குறைந்த சுமையில் உடையும், ஆனால் அது ஷார்ட் இல்லை. ஒரே கனம், ஒரே வகை பிஸ்கட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் வரைக்கும் கருவி சொல்வதை நம்பலாம்.

ஜனவரி 22

இனி தமிழில் என்ன எழுதுவது. பலர் கேட்டுவிட்டீர்கள்.

‘மிருதுவான’ கூடாது. படித்தவர் கேக்கையும் பஞ்சையும் நினைப்பார். ‘மொறுமொறு’ கூடாது, இரண்டு வாரமாக அதற்குத்தான் சண்டை. ‘நொறுங்கும்’ பரவாயில்லை, ஆனால் அதில் கண்ணாடியும் நொறுங்கும். பிஸ்கட்டுக்கும் பேஸ்ட்ரிக்கும் நான் ‘பொலபொலவென உதிரும்’ என்றே எழுதுகிறேன். நீளம் என்று ஆசிரியர்கள் வெட்டுவார்கள், நான் மறுபடி போடுவேன்.

கூழுக்கும் சாஸுக்கும் அதே சொல்லைப் போட்டால் கெட்டது. உதிரும் சாஸ் என்றால் யார் வாங்குவார்கள்? அங்கே ஷார்ட்டுக்கு ‘நூல் விடாத’, லாங்குக்கு ‘நூல் விடும்’. பாகு கம்பி விடுவதைப் பார்த்துப் பதம் சொல்லும் மொழிக்கு இது புதிதில்லை.

ஒரு நிறுவனம் என் விவரத்தாளைத் தங்கள் மென்பொருளில் போட்டு ‘ஒருமைப்படுத்தி’ அச்சடித்தது. “நீண்ட அமைப்பு கொண்ட மாவு” என்று மூட்டையில் வந்தது. பொருள் புரியாமல் வாங்கியவர் தொலைபேசியில் கேட்டது: மூட்டை எத்தனை அடி? எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அந்த மாதத்துப் பணமும் நேரத்துக்கு வரவில்லை.

ஜனவரி 23

ஷார்ட்பிரெட் பற்றி மட்டும் ஒரு பத்தி, கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கணக்கு எடையில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று. தண்ணீர் கிடையாது, முட்டை கிடையாது. இவ்வளவு வெண்ணெய் போட்டு, நீரும் விடாவிட்டால் வலை எங்கிருந்து கட்டும்? மாவில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அரிசி மாவு சேர்ப்பதும் உண்டு, அதில் குளூட்டன் இல்லாததால் இன்னும் உதிரும், கூடவே லேசான நறநறப்பு வரும். அமெரிக்காவில் ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் என்று பேக்கிங் பவுடர் போட்டுப் பொங்கவைப்பது வேறு சாதி. அந்தப் பெயரை நம்பி இந்தப் பக்குவத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஜனவரி 29

கடைசியாக வந்த கேள்வி நல்ல கேள்வி: ஷார்ட் என்பது பாராட்டா, குறையா?

பொருளைப் பொறுத்தது. பிஸ்கட் தாளில் ஷார்ட் என்று இருந்தால் பாராட்டு. செடார் பாலாடைக்கட்டியைத் தரம் பார்ப்பவர் குறிப்பில் ஷார்ட் என்று எழுதினால் அது குறை. சின்னத் துண்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல வளைப்பார். கொஞ்சம் வளைந்துகொடுத்துப் பிறகு உடைய வேண்டும். வளையாமலே உடைந்தால் புளிப்பு அதிகமாகிவிட்டது என்று பொருள், மதிப்பெண் போய்விடும். செஷையரில் அப்படி உடையாவிட்டால்தான் குறை. அச்சு மையில் மிகவும் ஷார்ட்டாகப் போனால் உருளையிலிருந்து உருளைக்குச் சரியாக ஏறாது, மிகவும் லாங்காகப் போனால் ஓடும் இயந்திரத்தில் தூவானமாகப் பறக்கும். அங்கே நடுவில் நிற்பதுதான் பாராட்டு.

அதனால் மொழிபெயர்க்கிறவர் வாக்கியத்தைத் தொடுவதற்கு முன்னால் தாளின் தலைப்பைப் பார்ப்பது நல்லது. “ஷார்ட் பாடி” (பாடி என்றால் இங்கே பொருளின் கெட்டிப் பதம்) என்று ஒரு தாள் போன வாரம் வந்தது, தலைப்பு கிழிந்திருந்தது. பாலாடைக்கட்டியா, தயிரா, மையா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

பிப்ரவரி 3

தயிர். ‘பிசுக்கில்லாமல் அறுபடும்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன்.